புதுமனையாட்டிக்கு ஒரு பாகநூல்: சமையல் நூலைப் பரிசளிக்கும் வழக்குப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

குறுந்தொகையின் 167ஆம் பாடலிற் கூடலூர் கிழார் புதுமணப் பெண்ணொருத்தியின் அடுக்களையைக் காட்டுகின்றார். தயிர் பிசைந்த விரல்களை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிதத்தின் புகை மை தீட்டிய கண்களிற் படிய, அவள் தானே துழாவிப் புளிக்குழம்பு ஆக்குகின்றாள். கணவன் சுவைத்து உண்பதைக் கண்டு அவள் முகம் மெல்ல மலர்கின்றது. இச்செய்தியைக் கூறுபவள் செவிலி, கேட்பவள் நற்றாய். மகள் வாழும் மனைக்குச் சென்று பார்த்து வந்து, அவள் இல்லறத்துக்குப் பழகிவிட்டாள் என்று தாய்க்கு அறிவிப்பதே பாடலின் நோக்கமாகும். தாய்க்கு அவ்வறிவிப்புத் தேவைப்பட்டது என்பதிலிருந்தே, மகளின் சமையலைப் பற்றி அவளுக்கு ஓர் ஐயம் இருந்தது என்பதை உய்த்துணரலாம்.

இப்பாடலிற் சமையல் நூல் எதுவும் இல்லை. ஆயினும் அத்தகைய நூல்களைத் தமிழர் அக்காலத்தில் அறிந்திருக்கவில்லை என்று கூறுவதற்கில்லை. வீமன் இயற்றிய அடிசில் நூலின் நெறி வழுவாது சமைத்த உணவை ஓய்மானாட்டு நல்லியக்கோடன் பாணர்க்கு அளித்தான் என்று சிறுபாணாற்றுப்படை கூறுகின்றது. நாடகக் கணிகையர் பயிலும் கலைகளுள் ஒன்றாக மணிமேகலை மடைநூலைச் சேர்த்துள்ளது. எனவே சமையல் பற்றிய நூல் என்னும் கருத்து இருந்தது. அது வழங்கிய இடங்கள் மன்னனின் அட்டிலும் கணிகையின் கல்விச்சாலையும் ஆகும். குறுந்தொகைப் பெண்ணின் அடுக்களைக்குள் அது புகவில்லை. புக வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தாயும் செவிலியும் மாமியும் அங்கு நூலின் இடத்தை நிரப்பினர்.

நூலும் அனுபவமற்ற மனையாட்டியும் எப்பொழுது சந்தித்தனர்? அச்சந்திப்பை ஏற்படுத்தியவர் யார்? நூலைத் தெரிந்தெடுத்து அவள் கையிற் கொடுத்தவர், அவளிடமிருந்து எதனை எதிர்பார்த்தார்? இன்று திருமண வீடுகளிற் குத்துவிளக்கோடும் பாத்திரங்களோடும் சேர்த்துக் கொடுக்கப்படும் சமையல் நூல் அற்பமான ஒரு பொருளாகவே கருதப்படுகின்றது. ஆனால் குடும்பத்தின் வரலாறு, பெண்ணின் உழைப்பு, இடப்பெயர்வு ஆகியன பற்றி அரச ஆவணங்கள் கூறாத பலவற்றை இச்சிறு பரிசின் வரலாறு கூறக்கூடியது.

இவ்வகையில் நமக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான பழைய சான்று பிரான்சு நாட்டினது. ஏறத்தாழ 1393ஆம் ஆண்டளவிற் பாரிஸ் நகரத்துச் செல்வந்தர் ஒருவர், தமது முதுமைக் காலத்தில் மணந்துகொண்ட பதினைந்து வயது மனைவிக்காக ஒரு நூலை எழுதினார். அவர் பெயர் இன்றுவரை தெரியவில்லை. பிறர் முன்னிலையில் தன்னைத் திருத்தாது, தனிமையிற் கற்பிக்குமாறு அவள் கேட்டுக்கொண்டாள் என்றும், அதற்கு விடையாகவே நூல் எழுந்தது என்றும் அவர் முன்னுரையிற் கூறுகின்றார். 'பாரிஸ் நகரத்து இல்லத்தலைவர்' என்று பொருள்படும் பெயரால் அறியப்படும் இந்நூல் நெடுங்காலம் கையெழுத்துப் பிரதிகளாகவே இருந்து, 1846இல் முதன்முதலாக அச்சேறியது. வரலாற்று மாணவர் இதனைப் பெரும்பாலும் எயிலீன் பவர் அம்மையாரின் வாயிலாக அறிவர். அவர் 1924இல் வெளியிட்ட 'மத்தியகால மக்கள்' என்னும் நூலில் இச்சிறுமிக்கு ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியதோடு, 1928இல் மூலநூலின் பெரும்பகுதியை ஆங்கிலத்திலும் பெயர்த்தார்.

இந்நூலின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. சமையல் முதலில் வரவில்லை. வழிபாடு, கற்பு, கணவனுக்குக் கீழ்ப்படிதல் என்பனவே முதலில் வருகின்றன. கணவன் இழைத்த கொடுமைகள் அனைத்தையும் பொறுத்துக்கொண்ட கிரிசெல்டா என்னும் பெண்ணின் கதை விரிவாகச் சொல்லப்படுகின்றது. அதன் பின்னரே தோட்டம், வேலையாட்களை நடத்தும் முறை, விருந்துகளின் நிரல், இறுதியாகச் சமையற் குறிப்புகள் என நூல் விரிந்து செல்கின்றது. குறிப்புகளிற் பல, அரச சமையற்காரரான தையவானின் பெயரால் வழங்கிய பழைய நூலொன்றிலிருந்து பெறப்பட்டவை. ஆயினும் அவர் கண்ணை மூடிக்கொண்டு பெயர்த்தெழுதவில்லை. சில உணவுகளைப் பெயரளவிற் குறித்துவிட்டு, இவை மிகுந்த வேலை கொண்டவை, நம்மைப் போன்ற நகரத்தார் வீட்டுச் சமையலாளுக்கு ஏற்றவையல்ல என்று ஒதுக்கிவிடுகின்றார். தொடக்கநிலையிலுள்ள ஒருத்திக்கு நூல் தெரிந்தெடுப்போர் முதலில் அறிய வேண்டியது எதனை விடுவது என்பதே. அந்த அறிவு இம்முதியவரிடம் இருந்தது.

ஆனால் அவர் மறைக்காது கூறும் மற்றொரு காரணமும் உண்டு. தாம் இறந்த பின் அவள் மறுமணம் செய்துகொள்வாள் என்பதை அவர் எதிர்பார்த்தார். அப்பொழுது அவள் இல்லறத் திறமையற்றவளாகக் காணப்பட்டால், முன்னைய கணவனுக்கே இழுக்கு என அஞ்சினார். நூல் அவளுக்குரிய பரிசு. அதன் பயன் அடுத்த கணவனுக்கு. அதன் புகழ் கொடுத்தவருக்கு. பரிசு என்பது ஒருபோதும் வெறுங்கையாக வருவதில்லை, பெறுபவர் மீது கடப்பாட்டை ஏற்றியே வருகின்றது என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்சல் மோஸ் 1925இல் நிறுவினார். அவர் எடுத்துக்கொண்ட சான்றுகள் பசிபிக் தீவுகளையும் வட அமெரிக்காவையும் சார்ந்தவை. பாரிஸ் நகரத்து இச்சிறுமியின் நூலும் அவருக்குப் பொருத்தமான சான்றாக அமைந்திருக்கும்.

ஐரோப்பாவில் அச்சுக்கலை பரவிய பின்னர் சமையல் நூல்கள் பல்கின. எனினும் அவற்றிற் பல, ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவர்க்கு எழுதப்பட்ட நினைவுக் குறிப்புகளே. "வேண்டிய அளவு", "பதம் வரும்வரை" என்னும் தொடர்கள் தெரிந்தவர்க்குப் போதுமானவை. தெரியாதவர்க்கு அவை மூடிய கதவுகள். இங்கிலாந்திற் கைத்தொழிற் புரட்சி இந்நிலையை மாற்றியது. நகரங்களில் உருவான புதிய மத்தியதர வர்க்கத்துப் பெண்கள் தாயின் வீட்டிலிருந்து தொலைவிற் குடியேறினர். ஒரு வேலைக்காரியை மட்டுமே அமர்த்தக்கூடிய வருவாயில் அவர்கள் குடும்பம் நடத்த வேண்டியிருந்தது. அவ்வேலைக்காரியும் பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்த இளம் பெண். இருவருக்கும் சமையல் தெரியாத வீடு என்பது வரலாற்றிற் புதிய தோற்றப்பாடாகும்.

இவ்வீட்டை மனங்கொண்டு முதலில் எழுதியவர் எலைசா அக்ரன் (1799-1859). கவிதை எழுதிவந்த அவரை, பதிப்பாளர் ஒருவர் கவிதைக்குப் பதிலாகச் சமையல் நூல் ஒன்றைக் கொண்டுவரும்படி கேட்டார் என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், 1845இல் வெளிவந்த அவரது நூல் இங்கிலாந்தின் இளம் மனையாட்டியருக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டது. ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் பொருள்களின் அளவையும் சமைக்கும் நேரத்தையும் தனியே தொகுத்துத் தரும் முறையை அவர் கையாண்டார். இன்று எல்லாரும் இயல்பாகக் கொள்ளும் இவ்வொழுங்கு அன்று ஒரு கண்டுபிடிப்பு எனலாம். தாமே சமைத்துப் பார்த்தவற்றையே எழுதினார். தவறக்கூடிய இடங்களையும் சுட்டினார். நகைச்சுவை உணர்வும் அவருக்கு உண்டு. விலையுயர்ந்த பொருள்கள் நிறைந்த புடிங் ஒன்றுக்குப் 'பதிப்பாளர் புடிங்' என்றும், எளிய ஒன்றுக்கு 'ஏழை எழுத்தாளர் புடிங்' என்றும் பெயரிட்டார்.

ஆயினும் அடுத்த தலைமுறையின் மணப்பெண்கள் பெற்ற பரிசு அக்ரனின் நூலன்று. இஸபெல்லா பீற்றன் (1836-1865) தொகுத்த 'இல்ல நிருவாக நூல்' 1859 முதல் மாதாந்தப் பகுதிகளாக வெளிவந்து, 1861இல் முழு நூலாயிற்று. முதலாண்டிலேயே 60,000 பிரதிகள் விற்பனையாகின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் சமையலோடு வேலையாட்களின் கடமை, குழந்தை வளர்ப்பு, மருத்துவம், சட்டம் என அனைத்தும் அடங்கியிருந்தன. தடித்த அட்டையும் வண்ணப் படங்களும் அதனைப் பரிசுக்குரிய பொருளாக்கின. மணமகளின் தாயும் அத்தையும் கடையிற் சென்று ஒரு நூலைத் தேடும்பொழுது அவர்கள் கண்ணுக்குப் பெரியதாகவும் முழுமையானதாகவும் தோன்றியது இதுவே. பரிசைத் தெரிபவரின் கண்ணும் அதைப் பயன்படுத்துபவரின் கையும் வேறுவேறு என்பதற்கு இதனிலும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

முதிய இல்லத்தரசியின் வாக்காக மக்கள் போற்றிய இந்நூலை எழுதத் தொடங்கியபோது இஸபெல்லாவுக்கு வயது இருபத்தொன்று. சமையலிற் பயிற்சி இல்லை. சமையல் என்பது நீண்டகால அனுபவத்தாலன்றி வாய்க்காது, அது உன்னிடம் இல்லையே என்று குடும்ப நண்பர் ஒருவர் அவருக்கு எழுதினார். அவர் பதிப்பாளரான தம் கணவரின் சஞ்சிகை வாசகர்களிடமிருந்து குறிப்புகளைச் சேர்த்தார். முன்னைய நூல்களிலிருந்தும் தாராளமாக எடுத்துக்கொண்டார். அக்ரனின் குறிப்புகள் பல அவர் பெயரைச் சுட்டாமலே உள்ளே புகுந்தன. தமது குறிப்புகளைப் பிறர் நன்றி கூறாது எடுத்தாள்வது பற்றி அக்ரன் 1855ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே குறைபட்டிருந்தார். பீற்றனின் நூல் வெளிவருமுன் அவர் இறந்துவிட்டார். பொருள்களின் பட்டியலைக் குறிப்பின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்ததும், செலவையும் பரிமாறத்தக்க ஆட்களின் தொகையையும் ஒழுங்காகத் தந்ததும் பீற்றன் செய்த நன்மைகள். ஆனால் அளவு துல்லியமாக இருப்பதனாலே அது சரியானதாகிவிடாது. பெரிய கரட் கிழங்குகளை ஒன்றே முக்கால் மணி முதல் இரண்டே கால் மணி நேரம் வரை அவிக்கச் சொல்கின்றது நூல். சமைக்கத் தெரிந்தவள் அதைப் படித்துச் சிரிப்பாள். தெரியாதவள் அப்படியே செய்வாள்.

பிரசவத்தை அடுத்து ஏற்பட்ட காய்ச்சலால் இஸபெல்லா இருபத்தெட்டாம் வயதில் மறைந்தார். கணவரின் வியாபாரம் நொடிந்து, நூலின் உரிமை வேறு பதிப்பகத்தின் கைக்கு மாறியது. புதிய உரிமையாளர் அவர் இறந்துவிட்ட செய்தியைப் பறைசாற்ற விரும்பவில்லை. பதிப்புகள் வளர்ந்தன, பக்கங்கள் பெருகின, தலைமுறை தலைமுறையாக மணப்பெண்கள் 'திருமதி பீற்றன்' என்னும் அனுபவமிக்க மூதாட்டி ஒருவரின் அறிவுரையைப் பெற்றுவருவதாக நம்பினர். உண்மையில் அவர்கள் பெற்றது தங்களை ஒத்த வயதினளான, தங்களைப் போலவே சமையலுக்குப் புதியவளான ஒருத்தியின் கடும் உழைப்பின் பயனை.

அமெரிக்காவிற் பொஸ்ரன் சமையற் பாடசாலையின் அதிபராயிருந்த ஃபனி ஃபாமர் 1896இல் வெளியிட்ட நூல் இவ்வரலாற்றிற் சுருக்கமாகவேனும் குறிப்பிடத்தக்கது. கிண்ணமும் கரண்டியும் தலைதட்டி அளக்கப்பட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பதிப்பகம் நூலை நம்பவில்லை. முதற்பதிப்பான 3,000 பிரதிகளின் அச்சுச் செலவை அவரே ஏற்க நேர்ந்தது. கைப்பழக்கம் இல்லாத ஒருவருக்கு அளவுக் கிண்ணமே கையாகின்றது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஐரோப்பியப் பெண்களோடு இவ்வழக்கம் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. ஃபுளோரா ஆனி ஸ்ரீல், கிரேஸ் கார்டினர் ஆகிய இருவரும் 1888இல் வெளியிட்ட இந்திய இல்ல நிருவாக நூல், கீழைத்தேயப் பேரரசில் இல்லத்தலைவியராக விதிக்கப்பட்ட ஆங்கில இளம் பெண்களுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. அந்நூலைப் பெற்ற பெண் அடுப்பருகே செல்ல வேண்டியவளல்லள். அடுப்பருகே நின்றவனுக்கு ஆணையிட வேண்டியவள். இந்நாட்டு உணவுகளுக்கு அதிற் கிடைத்த இடம் மிகச் சிறிது. அவையும் நெய்யும் இனிப்பும் மிகுந்தவை என்ற குறைகூறலோடு வந்தன. ஆள்வதற்குப் பழக்கும் கைநூலாகவே அது விளங்கியது.

இலங்கையில் 1929இல் ஹில்டா டொய்ற்றறம் தொகுத்த 'சிலோன் டெயிலி நியூஸ்' சமையல் நூல் வெளிவந்தது. லம்பிறைஸ், 'லவ் கேக்' முதலிய பறங்கியர் உணவுகளும் ஆங்கில உணவுகளும் உள்நாட்டுக் கறிவகைகளும் அதில் ஒருங்கு இடம்பெற்றன. ஆங்கிலங் கற்ற குடும்பங்கள் அதனைப் பேணிக் காத்தன. அது ஆங்கிலத்தில் இருந்தமையால், தமிழிலோ சிங்களத்திலோ மட்டும் வாசிக்கத் தெரிந்த பெண்ணுக்கு அது பரிசாகவில்லை.

தமிழ்மொழியில் இப்பரிசின் வரலாறு 1951ஆம் ஆண்டைச் சுற்றியே அமைகின்றது. அவ்வாண்டு சென்னையில் எஸ். மீனாட்சி அம்மாள் (1905-1962) 'சமைத்துப் பார்' என்னும் நூலை வெளியிட்டார். அதற்கு முன்னரும் தமிழிற் பாகசாஸ்திர நூல்கள் அச்சேறியிருந்தன. எனினும் திருமணப் பரிசு என்றதும் நினைவுக்கு வரும் இடத்தைப் பிடித்தது இந்நூலே. அதன் காரணத்தை ஆசிரியரின் சமையற் திறமையில் மட்டும் தேடுதல் பொருந்தாது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிற் காவிரிக்கரை ஊர்களையும் பிற கிராமங்களையும் விட்டுப் பிராமணக் குடும்பங்கள் சென்னைக்கும், அங்கிருந்து பம்பாய், டில்லி, கல்கத்தா முதலிய நகரங்களுக்கும் அரசாங்க உத்தியோகத்தையும் வங்கி வேலையையும் நாடிப் பெயர்ந்தன. கூட்டுக் குடும்பத்து அடுக்களையில் மூன்று தலைமுறைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகிய முறை, இரண்டறை வாடகை வீட்டில் நின்றுபோயிற்று. பள்ளிக்கூடமும் கல்லூரியும் சென்ற பெண்ணுக்குத் தாயருகே நின்று பழகும் ஆண்டுகளும் குறைந்தன. மீனாட்சி அம்மாளிடம் உறவினர் சமையற் குறிப்புகளைக் கேட்டுப் பெற்றுவந்த சூழல் இதுவே. உறவினரான கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயரே அவற்றை நூலாக்குமாறு அவரைத் தூண்டியவர். எனவே மீனாட்சி அம்மாள் எழுத அமர்ந்தபோது, தம் வாசகியை அவர் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. அவள் எதனைக் கேட்பாள், எவ்விடத்திற் திகைப்பாள் என்பதைக் கேள்விகளின் வாயிலாகவே அவர் அறிந்திருந்தார். பீற்றனுக்கு வாய்க்காத பேறு அது.

நூலின் தலைப்பே ஒரு கற்பித்தல் முறையைச் சொல்கின்றது. 'பார்' என்னும் சொல் தமிழிற் துணைவினையாக நின்று முயன்றறிதலைக் குறிக்கும். கண்ணால் நோக்குதலையும் குறிக்கும். செய்து, விளைவைக் கண்டு, தெளிக என்பது அதன் கருத்து. குழம்பு, இரசம், கூட்டு, கறி, பச்சடி, பலகாரம், ஊறுகாய் என ஒரு வீட்டின் நாளாந்த உணவு அதில் முழுமையாக உண்டு. உலகத்து உணவுகளிலெல்லாம் ஒவ்வொரு துண்டு அதில் இல்லை. தொடக்கநிலையாளருக்கு வேண்டியது இதுவே எனத் தோன்றுகின்றது. ஒரே அடுக்களையின் ஒழுங்கை முழுவதும் கற்றவர் பின்னர் வேறொன்றுக்கு எளிதாக மாறலாம். நூறு அடுக்களைகளின் சிதறல்களைக் கற்றவருக்கு நிற்க நிலமில்லை. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் எதிர்பார்த்த நூல் அது. ஆழாக்கும் படியுமாக வழங்கிய அளவைகளை 1956ஆம் ஆண்டின் சட்டத்தோடு தொடங்கிய மெற்றிக் முறை இந்தியாவில் மெல்ல மெல்ல ஒதுக்கியது. நூலின் பிற்காலப் பதிப்புகளும் அதற்கேற்ப மாறின. ஆங்கிலத்திலும் அது பெயர்க்கப்பட்டது. அமெரிக்காவுக்குக் கல்விக்கும் தொழிலுக்கும் சென்றவர்களின் பெட்டிகளில் ஊறுகாய்ப் போத்தலோடு அது பயணம் செய்தது.

இங்கு ஒரு முரண்பாட்டைக் கவனியாது விடலாகாது. மீனாட்சி அம்மாள் இளமையிலேயே கணவனை இழந்தவர். மகனை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு அவர் மீது விழுந்தது. அக்காலத்து ஆசாரமான பிராமணக் குடும்பங்களில் விதவைப் பெண் மங்கலச் சடங்குகளில் முன்னிற்பது விலக்கு. அவள் உண்ணும் உணவிற்கும் கட்டுப்பாடு உண்டு. சமைக்கலாம், எல்லாருக்கும் சமைத்துப் போடலாம். மணப்பந்தலிற் தாலியைத் தொட்டு வாழ்த்த முடியாது. அத்தகைய சமூகத்தில் ஒரு விதவையின் எழுத்து, மணமகளின் கையிற் கொடுக்கப்படும் மங்கலப் பொருளாயிற்று. மணப்பந்தலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெண்ணின் பெயர் அட்டையிற் பொறிக்கப்பட்டுப் பந்தலுக்குள் வந்தது. கொடுத்தவர்கள் இதனை எண்ணிப் பார்த்திருப்பார்கள் என்று கூறுவதற்கில்லை. ஆனால் இல்லத்துள் ஊதியமின்றிக் கழிந்துவிடும் ஓர் உழைப்பை அச்சிட்டு விற்று வருவாயாகவும் ஆசிரியப் பெயராகவும் அவர் மாற்றிக்கொண்டமை, தமிழ்ப் பெண்களின் வரலாற்றில் ஒரு சிறுகதைத் தொகுதிக்கோ நாவலுக்கோ குறைந்த நிகழ்ச்சியன்று. இலக்கிய வரலாறு எழுதுவோர் இதனைத் தமது எல்லைக்கு வெளியே விட்டுவிடுவது அவர்களின் எல்லைக் கோட்டில் உள்ள குறையையே காட்டுகின்றது.

அதேவேளை, இந்நூலின் வலிமை எதுவோ அதுவே அதன் வரம்புமாகும். அது ஒரு சாதியின், அதிலும் நகர்ப்புற மத்தியதரப் பிரிவின், மரக்கறி அடுக்களை. தலைப்பில் அச்சாதியின் பெயர் இல்லாமையால் அதுவே தமிழர் சமையல் என்னும் மயக்கம் ஏற்படக்கூடும். வயலில் வேலை செய்துவிட்டு வந்து சோறாக்கும் பெண்ணுக்கும், கடற்கரை ஊர்ப் பெண்ணுக்கும் அதிற் சொல்வதற்கு அதிகமில்லை. யாழ்ப்பாணத்துப் புதுமணப் பெண்ணொருத்திக்கு அது பரிசாகக் கிடைத்திருப்பின், வறுத்திடித்த மிளகாய்த்தூளை அவள் அதிற் தேடிக் காணமாட்டாள். மீன் குழம்பு இல்லை. ஒடியற் கூழ் இல்லை. தாய் அரைத்துக் கொடுத்த தூளின் வாசனை அவள் மூக்கில் இருக்கும். நூலோ வேறொரு வீட்டின் வாசனையைக் கற்பிக்கும். பாரிஸ் நகரத்து முதியவர் ஒதுக்கிவிட்ட உணவுகளின் பட்டியல் போல, ஒவ்வொரு பரிசு நூலுக்கும் எழுதப்படாத பட்டியல் ஒன்று உண்டு. அதிலிருந்தே நூல் யாருக்கு உரியது என்பதை அறிந்துகொள்ளலாம்.

ஈழத்துத் தமிழ்ப் பெண்களிடையே அச்சு நூலுக்குப் பதிலாக நெடுங்காலம் வழங்கியது கையெழுத்துக் கொப்பியே. பாடசாலையில் மனையியற் பாடத்துக்கு எழுதிய கேக் குறிப்புகள், சஞ்சிகைகளிலிருந்து வெட்டி ஒட்டியவை, அயலவர் சொல்லக் கேட்டு எழுதிய பலகார வகைகள் என அது நிறைந்திருக்கும். இக்கொப்பிகளின் ஓர் இயல்பு ஆராய்வார் கண்ணுக்குத் தப்பாது. கேக்குக்கு இத்தனை இறாத்தல், இத்தனை அவுன்ஸ், இத்தனை முட்டை என்று எழுதியிருக்கும். சொதியோ புட்டோ பெரும்பாலும் எழுதப்பட்டிராது. எழுதப்பட்டாற் கூட, உப்பும் தூளும் அளவாக என்று முடிந்துவிடும். அந்நியமானவற்றை மட்டுமே எழுதி வைக்க வேண்டும், நாளாந்தம் உண்பது தானாகவே வரும் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது. தாயும் மகளும் ஒரே வளவிலோ அடுத்த ஊரிலோ வாழும் வரையில் அது தவறான நம்பிக்கையன்று. சீதன வீட்டிலேயே மகள் குடியிருக்கும் வழக்கமுள்ள யாழ்ப்பாணத்தில், மற்றைய இடங்களிலும் பார்க்க அது நெடுநாள் நிலைத்தது.

1983ஆம் ஆண்டு யூலை வன்செயல்களின் பின்னர் அந்நம்பிக்கை உடைந்தது. கனடா, பிரான்சு, சுவிற்சர்லாந்து, நோர்வே எனச் சிதறிச் சென்றவர்களிற் பெருந்தொகையினர் மணமாகாத இளைஞர். அடுக்களைக்குள் நுழைந்தறியாத ஆண்பிள்ளைகள் குளிர்நாட்டு அறைகளிற் சோறாக்கினர். பலர் ஐரோப்பிய உணவகங்களிற் கோப்பை கழுவத் தொடங்கிச் சமையற்காரராயினர். வரலாற்றில் முதன்முறையாக நம்மவரிடையே சமையலிற் புதியவர் என்னும் சொல் பெண்ணை மட்டும் குறிப்பதாக இல்லாமற் போயிற்று. ஆனால் அவர்களுக்கு நூல் பரிசளிப்பதற்கு எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. ஊரிலிருந்து சென்றது தூள் பொதியே. அறிவைக் கடிதத்தில் அனுப்ப இயலாத தாய், அறிவின் விளைவை இடித்து வறுத்துப் பொதி செய்து அனுப்பினாள். மகளாயின் செய்முறையைக் கேட்டிருப்பாள் என்பதும், மகனுக்குச் செய்துகொடுத்தாற் போதும் என்பதும் அப்பொதியோடு சேர்ந்தே சென்ற எண்ணங்கள்.

அப்புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் வளர்ந்து, தாமே அடுப்பேற்றும் பருவத்தை அடைந்தபோது தேவை வேறுவிதமாக எழுந்தது. 2003இல் யாழ்ப்பாணத் தமிழரின் சமையற் குறிப்புகள் என்னும் தலைப்பில், ஒடியற் கூழையும் குரக்கன் புட்டையும் பெயரிலேயே தாங்கிய நூலொன்று இந்தியாவில் அச்சாகி வெளிவந்தது. முந்தைய தலைமுறையினர் எழுதாமல் விட்டவை அதில் எழுதப்பட்டன. மொழி ஆங்கிலம்; பெறுபவர்கள் வாசிக்கக்கூடிய மொழி அதுவேயாதலால் வேறு வழியில்லை. ஆங்கிலம் அறியாத தாயொருத்தி அதனை வாங்கி மகளுக்கோ மகனுக்கோ கொடுக்கும்போது, தன் அடுக்களையைப் பற்றி அதில் எழுதியிருப்பது சரிதானா என்பதைப் பிள்ளையை வாசித்துச் சொல்லச் செய்தே அவள் அறிய வேண்டும். பிள்ளை வாசிக்க, அவள் இடைமறித்து, தேங்காய்ப்பாலை இறக்குகிற நேரத்திலேயே விட வேண்டும் என்று கூறுவாள். அதைப் பிள்ளை பக்கத்தின் ஓரத்திற் பென்சிலால் எழுதிக்கொள்ளும்.